அப்பா கைதட்டிய காட்சி

இலவசமாகக் கிடைக்கிற படத்தை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. டிக்கெட் எடுத்துப் போனவன்கூட படம் சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடுவான். சும்மா கிடைத்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவன் கடைசி வரை உட்கார்ந்திருப்பான். இதை நான் என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், இன்ஸ்பெக்டர். தேநீரைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் படங்களை விட்டுவிட்டுத் தேநீரை மட்டும் சொன்னால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். பாவம், களைத்துப்போன மகள், முடியாமல் செய்துவிட்டாள் என்று எழுதிவிடுவீர்கள். நான் களைத்துப்போகவில்லை.

நான் கிளாரிசா, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அப்பா ஜார்ஜ், புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அம்மா அருளம்மாள், நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போதே சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அண்ணன் டெரன்ஸ் ஜோகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போனபோது, யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று யாரும் கூடிப் பேசவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, டுரியான் துங்காலில் தாமான் குடியிருப்பில் உள்ள என் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிவியில் அந்த இலவசப் படச் செயலியைப் போட்டுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஹமீதா அக்கா. அவரும் அவர் கணவர் அப்துல் முத்தலிப்பும் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள்.

"சும்மாதான் லா, காசு ஒண்ணும் கட்ட வேணாம். பழைய படம் பூரா இருக்கு. அங்கிளுக்குப் பொழுது போவும்," என்றார்.

போனது. அப்பா காலையில் கண் விழித்தால் இடது கையை டிவி பக்கம் நீட்டுவார். நான் போட்டுவிடுவேன். முதலில் எனக்கும் ஆர்வமாகத்தான் இருந்தது. எங்கோ பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த படங்களை எல்லாம் யார் யாரோ தூசு தட்டி ஏற்றியிருந்தார்கள். சிலவற்றில் படத்தின் பெயரே தப்பாக இருக்கும். சிலவற்றை அகலத் திரைக்காக இழுத்துவிட்டிருந்தார்கள். கதாநாயகி முகம் தட்டு மாதிரி விரிந்து கிடக்கும். தாய் சாகும் காட்சியின் நடுவே சலவைத்தூள் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்து திரும்பினால் அந்தத் தாய் இன்னும் செத்துக்கொண்டிருப்பாள். நானும் அப்பாவும் ஒரே சமயத்தில் சிரித்திருக்கிறோம். அப்படியும் சில நாட்கள் இருந்தன.

நான் அந்தப் படங்களைப் பற்றி முகநூலில் எழுத ஆரம்பித்தேன். கதை, நடிப்பு, வசனம், நீதி என்று பிரித்து மதிப்பெண் போடுவேன். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்காது. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் வந்து படித்தார்கள். கவிநேசன் என்று ஒருவன், இப்போது வக்கீலாக இருக்கிறான், "டீச்சர், எங்களுக்காவது பாஸ் மார்க் போட்டீங்க," என்று எழுதினான். நியாயமாகத்தான் திருத்தினேன். நல்ல படத்தை நல்ல படம் என்று சொன்னேன். ஆனால் அவை எத்தனை?

உங்கள் வயதுக்கு அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருத்தியைத் தெருத் தெருவாகத் துரத்துகிறவன் கதாநாயகன். அவள் முறைத்தால் திமிர். அவன் அறைந்தால், அறை வாங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அவள் சிரிக்கிறாள். கெடுத்தவனுக்கே கட்டி வைக்கிறார்கள். கட்டி வைத்த பெரியவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வில்லன் உதட்டை நக்கிக்கொண்டே வருவான், கேமரா அவன் நாக்கை விட்டு நகராது. அந்த ஈரம் என் மேல் பட்டதுபோல் இருக்கும். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வருவேன். கழுத்து வியர்வை, குழைந்த மை, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடும் விரல்கள். எல்லாமே அழுக்காக இருந்தது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் சீக்கிரம் ஆறிவிட்டது, அவர்கள் செத்துப்போனவர்கள். ரசித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் ஆறவில்லை. அவர்களில் ஒருவர் என் வீட்டுக் கூடத்தில், வாயோரம் கஞ்சி காய்ந்திருக்க, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் பார்த்தார். அறையையும் பார்த்தார், அழுகையையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு படத்துக்குத்தான் கைதட்டுவார்.

அதன் பெயர் இப்போது முக்கியமில்லை. குடும்பப் படம். கணவன் வீட்டுக்கு வருகிறான், சோறு ஆறிப்போயிருக்கிறது. தட்டை வீசுகிறான். மனைவியை அறைகிறான். பச்சைச் சேலை கட்டிய அவள் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். கீழே கிடந்தவள் ஊர்ந்து வந்து அவன் காலைப் பிடிக்கிறாள். அந்த இடத்தில் அப்பா இடது கையால் தொடையில் தட்ட ஆரம்பிப்பார். பட், பட், பட் என்று. முகம் மலர்ந்துவிடும். கோணிப்போன வாயில் சிரிப்பு வந்து, எச்சில் வழியும்.

நான் எழுந்துபோய் டிவியை நிறுத்துவேன்.

"இரு," என்பார். "இரு... வருது."

இன்னொரு அறை வருகிறதாம். அதைப் பார்க்க வேண்டுமாம். மறுநாளும் அதே படத்தைக் கேட்பார். பட்டியலில் அந்தப் படத்தின் முகப்பைப் பார்த்தாலே கை நீளும். போடாவிட்டால் சாப்பாட்டை வாயில் வாங்க மாட்டார். போட்டேன். அதே இடத்தில் தட்டினார், அதே இடத்தில் நிறுத்தினேன். அந்தப் படத்துக்கு நான் முகநூலில் பூஜ்யம் போட்டேன். அதுவரை எந்தப் படத்துக்கும் பூஜ்யம் போட்டதில்லை. இதை ரசிப்பவர்கள் மனிதர்களே இல்லை என்று எழுதினேன். நிறையப் பேர் ஆமாம் என்றார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரேயடியாக வரவில்லை. முதலில் ஒரு பச்சைச் சேலை. பிறகு தட்டு விழுந்து சுழலும் சத்தம். பிறகு அம்மா. அப்பா அம்மாவை அறைந்ததையும், அம்மா படியில் உருண்டதையும், கடைசிப் படியில் தலை இடித்ததையும் பார்த்தேன். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இத்தனை வருஷம் இதை எப்படி மறந்திருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் தாங்க முடியாததை மறந்துவிடுவார்கள், பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவள் அல்ல நான். அவரிடமே கேட்டேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கீழே கிடந்தாள்.

"அப்பா, நீங்க அம்மாவ அடிச்சீங்களா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிச்... அடிச்சான்," என்றார். "பாவம்."

"ஏன்ப்பா?"

"சோறு," என்றார். பிறகு தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உண்மைதான். திரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேள்வி கேட்டது நான். பதில் என் கேள்விக்குத்தானே?

இப்போது தேநீருக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது கஷ்டம். தண்ணீராக எதைக் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் தண்ணீர், தேநீர், சூப் எதுவானாலும் ஒரு மாவைக் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு பெண் எனக்கு இதைச் செய்தே காட்டினாள். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும் என்றாள். நான் நல்ல மாணவி. ஒரு வேளை தவறாமல் அப்படியே செய்து வந்தேன்.

அப்பாவுக்கு அது பிடிக்காது. லோரிக்காரர். வழி நெடுகக் கடைகளில் நிறுத்திப் பால் இல்லாத தே ஓ குடித்து வளர்ந்த நாக்கு. கெட்டியான தேநீரை ஊட்டினால் முகத்தைச் சுளிப்பார். "கூழு," என்பார். "தே... நல்ல தே," என்று கெஞ்சுவார். ஹமீதா அக்கா ஒருநாள் அதைக் கேட்டுக் கண் கலங்கி, "ஒரு வாய் குடுத்தா என்னாம்மா?" என்றார். நான்தான் கூடாது என்றேன். அக்காவைக் கேளுங்கள், சொல்வார். அவ்வளவு கவனமாக இருந்தவள் நான்.

ஒரு சனிக்கிழமை. பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, கழுவி வைத்துவிட்டு, அவருக்குப் படத்தைப் போட்டேன். மத்தியானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கூடத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது, பின்னாலேயே பட், பட், பட். நான் தேநீரைக் கலந்தேன். சீனி போட்டேன். ஆற்றினேன். மாவு டின் எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன். எடுக்கவில்லை.

கோப்பையை அவர் உதட்டில் வைத்தேன். முதல் வாயிலேயே தெரிந்துகொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கு, கிளா," என்றார்.

இருமினார். துடைத்துவிட்டேன். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தார். கொடுத்தேன்.

அதன் பிறகு தினமும் கொடுத்தேன். அவர் குடித்ததில் நான் எதையும் கலக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கலக்க வேண்டியதைக் கலக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கேட்டதைக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவர் என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரும்போதே சிரிப்பார். பார்க்கிறவர்களுக்கு, ஒரு நல்ல மகளும் ஒரு சந்தோஷமான அப்பாவும்.

இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. மூச்சில் ஈரமான சத்தம், பழைய படங்களில் ஒலி தேய்ந்துபோய்க் கரகரக்குமே, அதுபோல. காய்ச்சல் வந்தது. ஹமீதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா? முத்தலிப் அண்ணன வண்டி எடுக்கச் சொல்றேன்," என்றார்.

"காய்ச்சல் மாத்திரை குடுத்திருக்கேன்க்கா. நாளைக்குப் பாப்போம்," என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். உதடு நீலமாகிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் என் தோளில் கைவைத்து, இந்த மாதிரி நோயாளிகளுக்கு எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் இப்படி ஆகிவிடுகிறது, உங்கள் மேல் தவறில்லை என்றார். நான் தலையாட்டினேன். அப்பா அங்கேயே இறந்தார். மூச்சுக்குத் திணறியபோது அவர் என் கையைத்தான் தேடினார். கொடுத்தேன். அசிங்கமாக இருந்தது, ஆனாலும் கொடுத்தேன்.

மாதா கோயிலில் பூசை நன்றாக நடந்தது. தோட்டத்து ஆட்கள் புலாவ் செபாங்கிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹமீதா அக்கா சமையலறையை ஒழுங்கு செய்ய உள்ளே போனார். மாவு டின்கள் பிரிக்காமல் அடுக்கியிருந்ததை அவர்தான் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கூடத்துக்கு வந்து டெரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையோ பேசினார்.

"கிளா கடைக்குப் போற நேரமெல்லாம் நான்தானே அங்கிள்கூட உக்காந்திருப்பேன். அந்த ஒரு பாட்டத்தான் போடச் சொல்வாரு. அந்த மாடிப்படி சீனுக்கு அடுத்து வருமே, தாலாட்டு. அது வந்துட்டா கையத் தட்டித் தாளம் போடுவாரு. பாட்டு வர்றதுக்கு முன்னயே ஆரம்பிச்சிருவாரு, பாவம். அவ்வளவு அவசரம்."

டெரன்ஸ் அழுதுவிட்டான். "அது அம்மாவோட பாட்டு, அக்கா. எங்க ரெண்டு பேரையும் அதப் பாடித்தான் தூங்க வைப்பாங்க. எஸ்டேட்ல வீடியோ கொண்டாந்து படம் போடுவாங்க, அந்தப் படத்த எத்தன தடவ பாத்திருப்போம். கிளாரிசா குட்டிப் பிள்ள. அந்த அறை விழுற சீன் வந்தா பயந்து கத்தும். அப்பாதான் தூக்கிட்டு வெளிய போவாரு."

நான் அப்போது பேசியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அது என் குணம்.

"அவரு அம்மாவ அடிச்சாரு," என்றேன். "நான் பாத்தேன். மாடிப்படியில இருந்து உருண்டாங்க. தல அடிபட்டுச்சு."

டெரன்ஸ் என் பக்கம் திரும்பினான். என்னைவிட ஏழு வயது மூத்தவன்.

"என்னா பேசுற நீ? அப்பா அம்மா மேல கைநீட்டுனதே இல்ல. அம்மா படுத்த படுக்கையா ஆனப்ப துணி தொவச்சவரு அவரு." அவன் குரல் இறங்கிவிட்டது. "கிளா, நாம லயத்துல இருந்தோம். தரையோட தரையா ஒரே வரிசை வீடு. மாடி ஏது?"

ஹமீதா அக்கா அந்த டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அங்கிளுக்குத் தே கலக்கும்போது இதப் போட்டியாம்மா?" என்று கேட்டார். அதட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

"போடலக்கா," என்றேன்.

அண்ணன் உங்களிடம் வந்து புகார் கொடுத்தது மறுநாள். அதற்கு முன்னால், எல்லோரும் போன பிறகு, நான் அந்தப் படத்தைப் போட்டேன். முதல் தடவையாக அந்த இடத்தில் நிறுத்தாமல் பார்த்தேன். அறைகிறான், உருள்கிறாள், காலைப் பிடிக்கிறாள். அப்புறம் காட்சி மாறி, அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுகிறாள். அக்கா சொன்னது சரிதான். பாட்டு சுமார். ராகம் வேறு எதிலிருந்தோ எடுத்தது. பாடுகிறவளுக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. பத்துக்கு நான்கு போடலாம்.

அந்த நான்கைக் கூட்டித் திருத்தியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். பாட்டு பிடித்தவர் என்பதற்காக ஒருவரை விட்டுவிட முடியுமா? அந்தப் பாட்டைக் கேட்பதற்காக அந்த அறையைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே? நான் ஒருநாளும் பொறுக்கவில்லையே.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆபத்து என்று தெரிந்தேதான் கொடுத்தேன். காய்ச்சல் என்று தெரிந்தேதான் காத்திருந்தேன். என் அப்பா ஜார்ஜைக் கொன்றது நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எனக்கு மனநிலையும் சரியாகவே இருக்கிறது. நீங்கள் சந்தேகப்பட்டால் டாக்டரை வைத்துப் பாருங்கள்.

நீங்களும் மாடியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தோட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டதாகவும் சொல்கிறீர்கள். லயம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதில் மாடி இல்லை, எனக்கும் தெரியும். நான் அங்கே பிறந்தவள். ஆனால் அம்மா எந்தப் படியிலிருந்து விழுந்தார் என்பது விசாரணை செய்கிற உங்கள் வேலை. அவர் விழுந்ததைப் பார்த்தவள் நான்.